முகமூடியும் நாட்குறிப்பும்

தனியாக ஆடும் ஆட்டங்கள் நமக்குப் புதியன அல்ல. சீட்டுக்கட்டை விரித்து வைத்துத் தமக்குத் தாமே ஆடிப் பொழுது போக்கும் பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆனால் ஒருவர் தனியே அமர்ந்து, தம்மை ஒரு கதைமாந்தராகக் கற்பனை செய்துகொண்டு, அம்மாந்தரின் நாட்குறிப்பைத் தம் கைப்பட எழுதிச் செல்வதையே ஆட்டமாகக் கொள்வது அண்மைக் காலத்தில் பரவிய வழக்கம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் 2020ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இவ்வகை ஆட்டங்கள் பல வெளிவந்தன. முகமூடி அணிந்து இரவில் நீதி வழங்கப் புறப்படும் வீரனை நாயகனாகக் கொண்டவையும் அவற்றுள் உண்டு. விளையாட்டுத்தானே என்று கடந்து செல்லக்கூடிய இப்பொருளில் மனச்சான்றைப் பற்றிய பழையதொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. யாரும் காணாத இடத்தில், தானே வழக்குத் தொடுப்பவனாகவும் நடுவனாகவும் தண்டிப்பவனாகவும் இருக்கின்ற ஒருவன் நேர்மையாளனாக இருக்க இயலுமா? இயலும் எனில், அவனை நேர்மையில் நிறுத்துவது எது? இதனை வாசகர்களோடு சேர்ந்து சற்றே ஆராய விரும்புகிறோம்.

ஆட்டம் நடைபெறும் விதம்

இவ்வாட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, ஒரு சீட்டுக்கட்டு அல்லது ஓரிரு பகடைகள், கேள்விகள் அடங்கிய விதிநூல் ஒன்று. சீட்டை எடுத்ததும், அல்லது பகடையை உருட்டியதும், அதற்குரிய கேள்வியை விதிநூலில் பார்க்க வேண்டும். அதற்கு விடையாக நாயகனின் அன்றைய நிகழ்ச்சியை எழுத வேண்டும். அடுத்த சீட்டு அடுத்த கேள்வியைக் கொணரும்.

டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கிய, ஆயிரம் ஆண்டு வாழும் இரத்தக்காட்டேரியைப் பற்றிய ஆட்டம் இவ்வகையில் பெயர் பெற்றது. அதில் நாயகனின் மனத்தில் ஐந்து நினைவுகளுக்கு மட்டுமே இடம் உண்டு. ஒவ்வொரு நினைவிலும் மூன்று அனுபவங்கள் வரையே எழுதலாம். இடம் நிரம்பியபின் புதியதொன்றை ஏற்க வேண்டுமானால் பழையதொன்றை அடித்துவிட வேண்டும். அல்லது குறிப்பேட்டுக்கு மாற்றி வைக்க வேண்டும். அக்குறிப்பேடும் ஒருநாள் தொலைந்து போகலாம். தான் இழைத்த கொடுமைகளையே மறந்துவிட்டு நிற்கும் ஒருவனின் நிலை மெல்ல மெல்ல ஆடுபவரின் கண்முன் விரிகிறது. கிறிஸ் பிசெட் உருவாக்கிய மற்றோர் ஆட்டத்தில், பழுதடைந்த விண்கலத்தில் எஞ்சியிருக்கும் ஒரேயொருவர் தம் அன்றாடக் குறிப்புகளைப் பதிவு செய்கிறார். 52 சீட்டுகளும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரக்கட்டைக் கோபுரமும் அதில் இடம்பெறுகின்றன. சில சீட்டுகள் ஒரு கட்டையை உருவச் சொல்லும். கோபுரம் சரிந்தால் கதை முடிந்தது. அதன் சட்டகத்தைப் பிறரும் எடுத்தாள இசைவு தரப்பட்டதால், அதே வார்ப்பில் வேறு பல ஆட்டங்கள் பிறந்தன.

முகமூடி வீரனின் ஆட்டமும் ஏறத்தாழ இத்தகையதே. பகலில் அவன் ஊரறிந்த மனிதன், இரவில் பெயரற்றவன். வைகறையில் வீடு திரும்பி நாட்குறிப்பைத் திறக்கிறான். இன்று யாரைக் காப்பாற்றினாய், யாரை அடித்தாய், உன் முகத்தைக் கண்டவர் யார், உன்னால் துன்புற்றவர் யார் என்பன போன்ற கேள்விகளுக்கு அவன் விடை எழுதியாக வேண்டும். எதிராளி இல்லை, நடுவர் இல்லை, பார்வையாளரும் இல்லை. பிடிக்காத சீட்டு வந்தால் அதை அடியில் செருகிவிட்டு வேறொன்றை எடுப்பதைத் தடுப்பார் யாருமில்லை. அடிபட்டவன் குற்றமற்றவன் என்று சீட்டு சொல்கையில், இல்லை, அவன் கள்வனே என்று எழுதி வைத்துவிட்டு உறங்கச் செல்லலாம். எவருக்கும் இழப்பில்லை. எனினும் நல்லுள்ளம் படைத்த ஒருவர் அவ்வாறு செய்யக் கூசுவார். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒரே துணி, வெவ்வேறு கைகள்

கூச்சத்தை ஆராயுமுன் முகமூடியை ஆராய்வோம். பிரெஞ்சுப் புரட்சியின் தலைவெட்டும் பொறியிலிருந்து மக்களை மீட்கும் மாறுவேட வீரனைப் பற்றி ஆர்க்சி சீமாட்டி எழுதிய நாவல் 1905இல் வெளிவந்தது. 1919இல் ஜான்ஸ்டன் மெக்கல்லி ஸோரோவைப் படைத்தார். கலிபோர்னியாவில் எளியோரையும் துறவியரையும் ஒடுக்கிய அதிகாரிகளை எதிர்த்த அவ்வீரன், அம்முதற் கதையின் முடிவில் அனைவர் முன்னிலையிலும் தன் முகத்தைக் காட்டுகிறான். தமிழ்ச் சித்திரக்கதைகளில் மாயாவி என்றும் வேதாளர் என்றும் உலவிய லீ பாக்கின் வீரன் 1936இலும், பேட்மேன் 1939இலும் தோன்றினார்கள். சட்டம் உறங்கும்போது ஒருவனாவது விழித்திருக்க மாட்டானா என்னும் எளியோரின் ஏக்கமே இவர்கள் அனைவரையும் ஈன்ற தாய். அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடலாகாது.

இத்தகையோரைக் குறிக்க ஆங்கிலத்தார் வழங்கும் ‘விஜிலாண்டி’ என்னும் சொல் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. காவற்காரன் என்பது அதன் பொருள். அதன் இலத்தீன் வேர் விழித்திருத்தலைக் குறிக்கும். பாஸ்கா திருவிழிப்புக்கு வழங்கும் இலத்தீன் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஆயினும் வரலாற்றில் அச்சொல் நடந்து வந்த வழி வேறு. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1851இலும், மீண்டும் 1856இலும், குடிமக்கள் விழிப்புக் குழு அமைத்து, நீதிமன்றத்தைப் புறக்கணித்து, ஒவ்வொரு முறையும் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். 1865இல் அமெரிக்காவின் டென்னசியில் தோன்றிய கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தினர் முகத்தை மறைத்துக்கொண்டு இரவில் குதிரையேறிச் சென்று, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை அடித்தும் கொன்றும் அச்சுறுத்தினார்கள். அவர்களை அடக்க 1871இல் அந்நாட்டின் பேரவை தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 1915இல் புத்துயிர் பெற்ற அதே இயக்கம் யூதரையும் கத்தோலிக்கரையும் தன் பகைவர் வரிசையில் சேர்த்துக்கொண்டது. இவர்களுள் எவரும் தம்மைத் தீயோர் என்று கருதவில்லை. தாமே ஊரின் காவலர் என்று நம்பினார்கள். கதையில் வீரன் அணிந்த துணியைத்தான் வரலாற்றில் கொலைஞனும் அணிந்தான். ஆகவே, என் நோக்கம் நல்லது என்னும் உறுதி மட்டும் இருவரையும் வேறுபடுத்திக் காட்டப் போதாது.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கைஜஸ் என்னும் ஆயனின் மோதிரத்தைப் பற்றிய கதை வருகிறது. அணிந்தவனை யாரும் காண முடியாதபடி மறைக்கும் மோதிரம் அது. அதைப் பெற்றவன் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். காண்பவர் இல்லையெனில் நல்லவனும் தீயவனும் ஒன்றுபோலவே நடப்பார்கள் என்பது அங்கு எழுப்பப்படும் வாதம். நற்செய்தியோ மறைவைப் பற்றி வேறுவிதமாகக் கற்பிக்கிறது. அறத்தை ஊரறியச் செய்து புகழ் தேடாமல் மறைவில் செய்யுமாறு மலைப்பொழிவு நம்மைப் பணிக்கிறது. மறைவு தன்னளவில் தீயதன்று என்பது இதனால் விளங்கும். ஈகைக்கு மறைவு அழகு. தண்டனைக்கோ மறைவு ஆபத்து. கொடுக்கும் கை மறைந்திருந்தால் பெறுபவனின் மானம் காக்கப்படுகிறது. அடிக்கும் கை மறைந்திருந்தால், ஏன் அடித்தாய் என்று கேட்கும் உரிமையே அடிபட்டவனிடமிருந்து பறிக்கப்படுகிறது.

இதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. மொட்டைக் கடிதம் என்னும் முகமூடியைப் பங்குகளில் பணியாற்றுவோர் நன்கறிவர். அதில் எழுதப்படுவது சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எழுதியவர் யாரென அறியாதபோது, குற்றம் சாட்டப்பட்டவர் யாரிடம் விளக்கம் கூறுவார்?

பதவி தந்தவர் யார்?

விவிலியத்திலும் இத்தகைய வீரன் ஒருவன் உண்டு. இளைஞனான மோசே, தன் இனத்தான் ஒருவனை எகிப்தியன் அடிப்பதைக் கண்டு கொதிக்கிறான். இருபுறமும் நோக்கி, எவருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவனைக் கொன்று மணலில் மறைக்கிறான். அன்று அவனுக்கு மணலே முகமூடியாயிற்று. மறுநாள் எபிரேயர் இருவரின் சண்டையைத் தீர்க்க முற்படுகையில், உனக்கு நடுவர் பதவியைத் தந்தது யார் என்னும் பொருள்பட அவர்களுள் ஒருவன் கேட்டுவிடுகிறான். விடை கூற மோசேயிடம் எதுவுமில்லை. ஓடிப்போகிறான். இங்கு நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மோசேயின் சினம் நீதியானது. அடிபட்டவனின் துயரமும் உண்மையானது. பிற்காலத்தில் அதே துயரத்தைத் துடைக்கவே கடவுள் அவனை அனுப்புகிறார். ஆனால் அப்போது அவன் முகத்தையும் பெயரையும் மறைக்காமல், தன் அண்ணனுடன் பாரவோனின் முன் நின்று பேசுகிறான். நீதியின் மீது கொண்ட பசி மாறவில்லை; அது செல்லும் வழிதான் மாறியது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பில்’ இதே கேள்வியை எழுப்புகிறார். தீயவனைக் கொல்லத் தனிமனிதனுக்கு உரிமை உண்டா என்று வினவி, இல்லை என்கிறார். பொது நலனைக் காக்கும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவரிடமே அந்த அதிகாரம் உண்டு என்பது அவர் கூறும் காரணம். அவ்வதிகாரத்துக்கும் இன்று வரம்பு உண்டு. மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் திருத்தம் செய்தார். அரசின் கைக்கே மறுக்கப்பட்ட ஒன்றை முகமூடியின் கை எடுத்துக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

நீதிமன்றம் விலைபோன ஊரில் ஏழை என்ன செய்வது என்று வாசகர் கேட்கலாம். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. லூக்கா நற்செய்தியில் வரும் கைம்பெண்ணின் உவமை இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கிறது. கடவுளுக்கும் அஞ்சாத நடுவனிடம் அவள் மீண்டும் மீண்டும் செல்கிறாள். அவள் வலிமையற்றவள், ஆயினும் மறைந்து நிற்கவில்லை. தன் முகத்தைக் காட்டிக் காட்டியே அவனைச் சலிப்படையச் செய்கிறாள். இந்த வழி நீண்டது; களைப்புத் தருவது; தோற்றுப் போகவும் கூடும். ஆனால் புதிய அடிமை எவரையும் அது உண்டாக்குவதில்லை.

இரு குறிப்பேடுகள்

இனி நாட்குறிப்புக்கு வருவோம். ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986-87இல் 12 இதழ்களாக வெளிவந்த ‘வாட்ச்மென்’ சித்திரக்கதையில் ரோர்ஷாக் என்னும் முகமூடி மனிதன் நாட்குறிப்பு எழுதுகிறான். கதையே அதன் முதற் பக்கத்தோடுதான் தொடங்குகிறது. தன் முகமூடியையே தன் உண்மையான முகமாகக் கருதுபவன் அவன். அவன் எழுதுவனவெல்லாம் நகரத்தின் அழுக்குகள், பிறரின் வீழ்ச்சிகள், தன் உறுதி. தன்னைப் பற்றிய ஐயம் அதில் இடம்பெறுவதில்லை. அது நாட்குறிப்பு என்னும் பெயரில் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை.

அதன் அருகே கி.பி. 400ஐ ஒட்டிப் புனித அகுஸ்தீனார் எழுதிய ‘ஒப்புதல்கள்’ நூலை வைத்துப் பார்ப்போம். ஊரின் அழுக்குகளை எழுத அவருக்கும் இடமிருந்தது. ஆனால் 16 வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை; திருட்டின் இன்பத்துக்காகவே திருடினேன் என்று ஒப்புகிறார். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன் என்றும் கூறுகிறார். இந்தக் கருத்து கைஜஸின் கதையைத் தலைகீழாக்குகிறது. தனிமைதான் மனிதனைக் கெடுக்கும் என்பதில்லை. கைதட்டும் கூட்டமும் கெடுக்கும். சான் பிரான்சிஸ்கோவில் தூக்குக் கயிற்றை இழுத்தவர்களும், டென்னசியில் இரவில் குதிரையேறியவர்களும் தனியாக இருக்கவில்லை. இந்த வகையில், தனியாக எழுதும் இவ்வாட்டத்தில் ஒரு நன்மையும் உண்டு என நாம் ஒப்ப வேண்டும். அங்கே வீரனுக்குக் கைதட்டுவார் இல்லை. அவன் அடித்த அடி தாளில் எழுத்தாக நின்று அவனையே நோக்குகிறது.

மேலும், கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் ஆடுபவர் அல்லர், சீட்டே தேர்ந்தெடுக்கிறது. நாம் கேட்க விரும்பாத கேள்வியும் வந்து நிற்கும். புனித இஞ்ஞாசியார் கற்பித்த அன்றாட ஆன்மச் சோதனையிலும் இதனையொத்த ஒழுங்கு ஒன்றைக் காண்கிறோம். மனம்போன போக்கில் நினைத்துப் பார்ப்பது அன்று அது. நம் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட கேள்விகளுக்கு, நாளின் ஒவ்வொரு வேளையையும் வரிசையாகக் காட்ட வேண்டும். சீட்டுக்கட்டு மனச்சான்று ஆகாது. அது குருட்டு வாய்ப்பு மட்டுமே. ஆயினும் விரும்பாத கேள்விக்கு நேர்மையாக விடை எழுதிப் பழகியவரின் கை, உண்மையான கேள்வி வரும்போதும் சற்றே குறைவாக நடுங்கக்கூடும். பிடிக்காத சீட்டை அடியில் செருகிப் பழகியவரின் கையோ வாழ்விலும் அதையே செய்யத் துணியும்.

இப்போது அந்தக் கூச்சத்துக்குத் திரும்பலாம். மனச்சான்று மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் மறைவான உள்ளிடம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 16ஆம் எண்ணில் விளக்குகிறது. தமிழில் நாம் வழங்கும் சொல்லோ இன்னும் தெளிவானது. மனத்தில் நிற்கும் சான்று அது. தனியே ஆடுபவரின் அறையிலும் ஒரு சாட்சி இருக்கிறார். கூச்சம் அவரால் வருவது. ஆனால் சாட்சியின் வேலை கண்டதைக் கூறுவது, தண்டிப்பது அன்று. முகமூடி வீரனின் சோதனை இங்குதான் இருக்கிறது. தன்னைப் பற்றிச் சான்று பகர வந்த குரலை அவன் பிறருக்குத் தீர்ப்பு வழங்கும் குரலாக மாற்றிவிடுகிறான்.

2022இல் மேட் ரீவ்ஸ் இயக்கி வெளிவந்த பேட்மேன் திரைப்படம் இதை நன்கு காட்டுகிறது. அதிலும் வீரன் நாட்குறிப்பு எழுதுகிறான். தன்னைப் பழிவாங்குதலின் வடிவம் என்றே அறிவித்துக்கொள்கிறான். இறுதியில் மக்களைச் சுட வந்த ஒருவன் பிடிபட்டு, அவன் முகமூடி அகற்றப்பட்டு, நீ யார் எனக் கேட்கப்படுகையில், அக்கொலைஞன் அதே பெயரைத் தனக்கும் சூட்டிக்கொள்கிறான். தன் நாட்குறிப்பில் தான் எழுதாமல் விட்ட பக்கத்தை வீரன் அன்றுதான் படிக்கிறான். அதன்பின் வெள்ளம் புகுந்த அரங்கில், கையில் ஒளியேந்தி, சிக்கியவர்களை வழிநடத்திச் செல்கிறான்.

வெட்டப்பட்ட கை

சிலப்பதிகாரமும் பழமொழி நானூறும் நினைவுகூரும் பொற்கைப் பாண்டியனும் இரவில் தன்னை மறைத்து நகர்காவல் சென்றவனே. வெளியூர் சென்ற கீரந்தையின் இல்லத்துக்குக் காவலாக இருந்தவன், ஓரிரவு உள்ளே ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். வந்திருப்பவன் கணவனே என அறிந்ததும், அவள்மீது ஐயம் எழலாகாதென அத்தெருவின் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுச் செல்கிறான் என்பது வழிவழி வந்த கதை. அவன் நோக்கம் நல்லது, செயலால் எவரும் சாகவில்லை, கண்டவரும் இல்லை. மறுநாள் மக்கள் அவைக்கு வந்து முறையிடுகிறார்கள். தட்டிய கையை வெட்ட வேண்டும் என்கிறது அவை. அரசன் தன் கையை நீட்டுகிறான். நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை அவன் அவையின் நடுவே எழுதினான். பிறருக்கு வைத்திருந்த அளவுகோலைத் தன் கைக்கும் வைத்தான். நாம் தேடி வந்த வேறுபாடு இதுவென்றே எண்ணுகிறோம். நோக்கத்தின் தூய்மையால் மட்டும் நேர்மை நிலைப்பதில்லை. என் செயலுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று பிறர்முன் வந்து நிற்கும்போதே அது நிலைபெறுகிறது.

2015இல் வெளிவந்த டேர்டெவில் தொலைக்காட்சித் தொடரின் முதற் பகுதியில், கத்தோலிக்கனான முகமூடி வீரன் ஒப்புரவுக்கு வருகிறான். செய்துவிட்டவற்றுக்காக அன்று, இனிச் செய்யப் போவதற்காக மன்னிப்பு வேண்டுகிறான். எந்தக் குருவும் அதை வழங்க இயலாது. மனம் வருந்துதலும், இனிச் செய்வதில்லை என்னும் உறுதியும் இல்லாத இடத்தில் பாவமன்னிப்பு இல்லை. எனினும் அந்த இளைஞன் ஒன்றைச் சரியாக உணர்ந்திருக்கிறான். நாட்குறிப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும். ஒன்றுக்கும் மறுமொழி கூறாது. மறுமொழி கூறும் ஒருவர் முன் முகமூடி இன்றி அமர வேண்டிய வேளை ஒவ்வொருவருக்கும் வருகிறது.

ஆகவே, இத்தகைய ஆட்டங்களை ஆடும் இளையோரை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். வீரனின் நாட்குறிப்பை எழுதி முடித்தபின், அவன் அடித்த மனிதன் அன்றிரவு தன் வீட்டில் என்ன எழுதியிருப்பான் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அவன் மனைவி கேட்ட கேள்வியையும், அவன் பிள்ளைகள் கண்ட காயத்தையும் எழுதுங்கள். அதே பக்கத்தை, விளையாட்டில்லாத நம் வாழ்விலும், நாம் கடுமையாகத் தீர்ப்பளித்த அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் பங்கு மக்களுக்காகவும் எழுதிப் பார்க்கும் கடமை பெரியோராகிய நமக்கும் உண்டு. எழுதியதைப் படித்தபின்னும் நம் தீர்ப்பு சரியென்றே தோன்றினால், நம் பெயரை அடியில் எழுதிக் கையொப்பமிட்டு, உரியவரிடம் நேரில் சென்று பேசுவோம்.